டாக்டருக்கு அனுப்பிய படம்

எங்கள் தெரு ஸ்டுடியோக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் சுண்ணாம்பு. அவர் கேமராவுக்கு முன்னால் யார் உட்கார்ந்தாலும் வெளுத்துத்தான் எழுந்திருப்பார்கள். பரு, தழும்பு, கருவளையம் எல்லாம் கம்ப்யூட்டரில் காணாமல் போகும். பாஸ்போர்ட் ஆபீசில் ஒருவரிடம், "இது உங்க தம்பியா?" என்றே கேட்டுவிட்டார்களாம். அதைச் சொன்னால் ஸ்டுடியோ அண்ணனுக்குப் பெருமை தாங்காது.

பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போடும் எனக்கு அவரை வம்புக்கு இழுக்காவிட்டால் பொழுது போகாது. படங்களை வெட்டிக் கவரில் போடுவது அவர் மனைவி, எங்கள் அண்ணி. எங்கள் வாய்ச்சண்டை முற்றினால் கத்தரிக்கோலால் மேசையைத் தட்டி, "ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க" என்பார். உடனே அடங்கிவிடுவோம்.

அந்த அண்ணி கொஞ்ச நாளாகச் சாப்பாட்டைக் கண்டாலே முகம் சுளித்தார். வயிற்றில் வலி. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "கடையை யாரு பாக்கறது?" என்றார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், ஃபோனிலேயே டாக்டரைப் பார்க்கிற ஆப் ஒன்றை ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். மதியம் டாக்டர் திரையில் வந்தார். சிக்னல் படுமோசம், எல்லார் முகமும் கட்டம் கட்டமாக உடைந்தது.

"கண்ணு மஞ்சளா இருக்கான்னு பாக்கணும். தெளிவா ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க" என்றார் டாக்டர்.

ஃபோட்டோ என்று சொன்னதுதான் தாமதம், அண்ணன் துள்ளி எழுந்தார். அண்ணியை ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் விளக்கு போட்டு, பெரிய கேமராவால் எடுத்தார். கம்ப்யூட்டரில் முகம் மஞ்சளடித்துத் தெரிந்தது. "சனியன் பிடிச்ச பல்பு" என்று முணுமுணுத்தபடி, பழக்க தோஷத்தில் மஞ்சளைக் குறைத்தார். கண் பளிச்சென்று வெளுத்தது. அதையே அனுப்பினார்.

கண்ணில் மஞ்சள் இல்லை, அசிடிட்டியாக இருக்கும், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே நேரில் போங்கள் என்று மாத்திரைச் சீட்டோடு பதில் வந்தது.

அந்த வாரக் கடைசியில் உடம்பைத் தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல். அண்ணியை ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினோம். பித்தப்பைக் கல் குழாயை அடைத்து, சீழ் பிடித்து, ரத்தம் முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள். மஞ்சள் தெரிந்தபோதே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். அண்ணி வீடு திரும்பவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஓர் ஆற்றாமையை நான் அனுபவித்ததில்லை.

உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு மகள் கொதித்தாள். "அந்த டாக்டரைச் சும்மா விடமாட்டேன்ப்பா. ஃபோட்டோவைப் பாத்துட்டே ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்கான். அவன் இனிமே யாருக்கும் வைத்தியமே பாக்கக்கூடாது." புகார் எழுத ஃபோனைக் கையில் எடுத்தாள்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். அவர் எழுந்துபோய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். திருத்தாத படத்தையும் அனுப்பிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அவர் மேல தப்பில்லம்மா. அவருக்குப் போனது இது."

மகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். திருத்தாத படத்தில் அண்ணிக்குப் பின்னால் இருந்த சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. முகமும் கண்ணும் மட்டும்தான் மஞ்சள்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?"

"படம்தான் மஞ்சளா இருக்குன்னு நெனச்சேம்மா" என்றார் அண்ணன். "அவ பக்கத்துலயேதான் உக்காந்திருந்தா. ஒரு தடவைகூடத் திரும்பி அவ முகத்தைப் பாக்கல."