வாட்டம் பார்த்துப் போட்ட தரை

எங்கள் வீட்டுக்கு யாராவது முதல் முறையாக வந்தால் அப்பா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நிற்பார். குடிக்கக் கொடுக்க அல்ல. ஹாலின் உள்மூலையில் அதை ஊற்றுவார். தண்ணீர் கொஞ்சம் தயங்கிவிட்டு வாசல் பக்கமாக நடக்கத் தொடங்கும். நிலைக்குப் பக்கத்தில் சுவரில் பதித்திருக்கும் சிறு குழாய் வழியாக வெளியே போய்விடும்.

"ஒரு சொட்டு தங்குதா பாருங்க" என்பார் அப்பா. வந்தவர் வேட்டியையோ சேலையையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு "தங்கல, தங்கல" என்பார். அதற்குப் பிறகுதான் காபி.

அப்பா கொத்தனார் அல்ல. காரைக்குடியில் மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கிறார். அமராவதிபுதூர் சாலையில் இந்த வீட்டைக் கட்டியபோது, தரை போடும் நாட்களில் மட்டும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கொத்தனார் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாராம். ஒவ்வோர் அறைக்கும் ஒரு வாட்டம். கழுவிவிடும் தண்ணீர் தானாக வடிந்து போகும்படி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு. வீட்டின் வரைபடம் தாய்மாமா போட்டது. கதவும் ஜன்னலும் அம்மா தேர்ந்தெடுத்தவை. வாட்டம் மட்டும் முழுக்க முழுக்க அப்பாவுடையது.

மாடி அறை வெறும் சிமெண்டுப் பூச்சோடு பல வருடம் கிடந்தது. இயந்திர பாகங்களைக் கணினியில் வரைந்து, எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் பார்ப்பது என் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் அந்த அறையை எனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தரைக்கு என்ன போடலாம் என்று என் தேவைகளைப் போனில் எழுதிப் பார்த்தேன். மணல், சிமெண்டு வரக் கூடாது. இரண்டு நாளில் முடிய வேண்டும். வெறுங்காலுக்கு இதமாக இருக்க வேண்டும். மூன்றுக்கும் ஒத்து வந்தது மரத்தரைதான். அதுவும் முழு மரம் இல்லை. அடியில் ஒட்டுப்பலகை அடுக்குகள், மேலே மட்டும் நல்ல மரத்தில் ஒரு மெல்லிய தோல். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பலகைகள்.

"தண்ணி ஊத்திக் கழுவலாமா?" என்று கேட்டார் அப்பா.

"ஊத்தக் கூடாதுப்பா. ஈரத் துணியப் பிழிஞ்சு துடைக்கலாம்."

"கழுவ முடியாத தரை என்னத்துக்குத்தா?"

பதில் சமையலறையிலிருந்து, அம்மாவிடமிருந்து வந்தது. "வாட்டம் வச்சது நீங்க. இத்தன வருசமா தண்ணி தள்ளுறது நானு. ஒரு ரூமாச்சும் கழுவாமக் கெடக்கட்டும்."

அப்பா கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பலகைப் பெட்டிகள் வந்தன. போடுவதற்கு முன் அதே அறையில் சில நாட்கள் படுக்கை வசத்தில் கிடக்க வேண்டும், அறையின் காற்றுக்கு மரம் பழக வேண்டும் என்று மதுரையிலிருந்து வரவேண்டிய ஃபிட்டர் போனில் சொல்லியிருந்தார். அம்மா எட்டிப் பார்த்தார். "மாப்ள வீட்டுக்காரக மாதிரி வந்து படுத்துருக்கு. காபி ஏதும் கொண்டாரவா?"

ஃபிட்டர் வந்த காலையில் முதல் வேலையாக, நடுவில் குமிழி மிதக்கும் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். இரண்டு மூன்று இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், தரை கோணலா இருக்கு."

அப்பா அவருக்குக் காபி எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தார். "என்னது?"

"ஒரு பக்கமா எறங்குதுங்கய்யா. கொமிழி ஓரத்துல நிக்கிது பாருங்க. கலவை ஊத்தி மட்டம் பண்ணிட்டுத்தான் போடணும்."

"கோணல் இல்ல தம்பி. அது வாட்டம்."

"பேரு எதுவா இருந்தா என்னங்கய்யா, சரிக்கட்டணும்ல."

அப்பா காபியை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கீழே போனார். கடைக்குக் கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் சொம்பு இருந்தது. "அப்பா, வேணாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் ஜன்னல் மூலையில் விழுந்துவிட்டது. கொஞ்சம் தயங்கியது. பிறகு பெட்டிகளுக்கு ஒதுங்கி, கதவு வழியாக, மொட்டைமாடி மடையைப் பார்த்துப் போனது.

ஃபிட்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அய்யோ! தரை காஞ்சு கெடக்கணும்னு ஒரு வாரமா மேடத்துக்கிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க தண்ணியத் தூக்கி ஊத்துறீகளே!"

"ஒரு சொட்டு தங்குதா பாருங்க."

"தங்கல. இன்னைக்கு என் வேலதான் தங்கிப்போச்சு."

ஈரத்தரையில் மரம் போட முடியாது. காய்ந்ததும் சொல்லுங்கள், வரும்போது கலவையும் கொண்டுவருகிறேன் என்று அவர் கிளம்பினார். அப்பா வெறும் சொம்போடு படியில் உட்கார்ந்திருந்தார்.

"மட்டம் பண்ணிக்கத்தா. ஒன் ரூமு" என்றார். கடையில் எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவரிடம் "சரிங்க, வாங்க" என்பாரே, அந்தக் குரல்.

துடைக்கலாம் என்று துணியோடு உட்கார்ந்தேன். துடைக்க ஒன்றும் இல்லை. ஈரத்தடம் ஒன்று கோடாகக் கிடந்தது, அவ்வளவுதான். எங்கும் தேங்கவில்லை. தேங்கவில்லை என்றால் அந்த வழியில் பள்ளம் இல்லை. பலகைப் பெட்டிக்குள் இருந்த செய்முறைத் தாளை எடுத்து மறுபடி படித்தேன். மேடு பள்ளம் கூடாது என்றுதான் அதில் இருந்தது. சரிவு கூடாது என்று எங்கும் இல்லை. சாய்ந்து நிற்கும் மேசையில் தாள் விரித்து வரைகிறோம். தொய்ந்த கட்டிலில்தான் வரைய முடியாது. கலவை ஊற்றினால் தரை உயரும், கதவின் அடியை அறுக்க வேண்டும். எல்லாம் இல்லாத குறைக்கு.

"அப்பா, கடைப்பக்கம் நீளமான அலுமினியச் சட்டம் கெடைக்குமா? கோணாம, நேரா இருக்கணும்."

அரைமணி நேரத்தில் வந்துவிட்டது. ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனை எனக்கு. சட்டத்தைத் தரையில் படுக்கவைத்து, அடியில் தீக்குச்சி நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டே போனோம். நீளவாட்டில், குறுக்குவாட்டில், மூலைக்கு மூலை. நுழையவில்லை. சுவரோரம் ஒரே ஓர் இடத்தில், தண்ணீர் போன வழியிலிருந்து தள்ளி, குச்சி உள்ளே போனது.

அப்பா சட்டத்தையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்க பூசுன அன்னைக்கு மழை வந்துருச்சு" என்றார்.

மின்விசிறியை ஓடவிட்டுத் தரையைக் காயவைத்தோம். பிறகு ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் விட்டுவைத்தேன். அடியில் வியர்த்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். வியர்க்காத அன்று ஃபிட்டரைக் கூப்பிட்டேன். சட்டத்தைக் காட்டினேன். அவரும் ஒரு சுற்று வைத்துப் பார்த்தார். சுவரோரப் பள்ளத்தில் மட்டும் ஒரு கை கலவை பூசினார்.

"தரை நல்லா இருக்கு மேடம். இப்பிடியே போட்டுர்றேன். ஆனா நாளைக்குப் பின்ன, பென்சில் உருளுது, பந்து உருளுதுன்னு எனக்குப் போன் வரக் கூடாது."

"உருளணும் தம்பி" என்றார் அப்பா. "உருளாட்டித்தான் போன் பண்ணுவேன்."

அடியில் நுரைத்தாள் விரித்த பின், ஜன்னல் வெளிச்சம் போகும் திசையிலேயே பலகைகள் நீண்டன. மொட்டைமாடியில் அறுத்து, உள்ளே கொண்டுவந்து, கட்டை வைத்துத் தட்டித் தட்டிக் கோத்தார். மரம் விரிந்தால் இடம் வேண்டும் என்று சுவரோரம் விட்ட இடைவெளி மெல்லிய மரச்சட்டத்துக்கு அடியில் மறைந்தது. வீடெங்கும் மரத்தூள் வாசனை. அம்மா முதல் ஆளாக வெறுங்காலோடு குறுக்கே நடந்து போய், திரும்பி வந்து, "சுடல, ஜில்லுனும் இல்ல" என்றார். கழுவ வேண்டாம் என்பதை இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. என் நாற்காலிக்குச் சக்கரம். முதல் வீடியோ கூட்டத்தில் நான் பேசிக்கொண்டே மெல்ல மெல்லத் திரையை விட்டு வெளியே போனேன். எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இப்போது வாட்டமே என்னை மேசையோடு சேர்த்து உட்காரவைக்கிறது.

போன வாரம் பிள்ளையார்பட்டிக்குப் போகிற வழியில் மாமாவும் அத்தையும் வந்தார்கள். அப்பா அவர்களை நேராக மாடிக்குக் கூட்டிவந்தார். கையில் சொம்பு இல்லை. சந்தையில் புரட்டிப் புரட்டிப் பொறுக்கிய, பந்து மாதிரி ஒரு எலுமிச்சம்பழம். நான் நாற்காலியை ஒதுக்கிக்கொண்டேன். அவர் ஜன்னல் மூலையில் குனிந்து, பழத்தை வைத்துக் கையை எடுத்தார். அது கொஞ்சம் தயங்கியது. பிறகு பலகைகளின் மேல் சத்தமில்லாமல் உருண்டு கதவுக்குப் போனது.

"எங்கிட்டாச்சும் நிக்கிதா பாருங்க."

"நிக்கல, நிக்கல" என்றார் அத்தை, பழக்கத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி.

கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "உருட்டி முடிச்சாச்சுன்னா அந்தப் பழத்தக் கொண்டாங்க. அவுகளுக்கு ஜூசு போடணும்."