மஞ்சள் என்று எழுதினேன்

என் கட்டுரைகளைத் திருத்தித் தரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஓரத்தில் அவர் எழுதும் குறிப்பு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: 'சோகம் என்று சொல்லாதீர்கள், ஒரு பொருளைக் காட்டுங்கள்.' காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில், குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே அந்தப் பொருளைத் தேடுவேன். தேடுவதில் எனக்குச் சிரமமில்லை. அந்த வித்தை பத்து வயதிலேயே கைவந்துவிட்டது. அதை வைத்து முதன்முதலில் நான் செய்த காரியத்தைத்தான் இவ்வளவு நாளாக எழுதாமல் தள்ளிப்போட்டேன். போன மாதம் அத்தையிடம் கேட்டேன். "எழுது, எனக்கென்ன. பேரு மட்டும் போடாதம்மா" என்றாள். போடவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவளுடைய புகுந்த வீடு. பட்டுக்கடைகளிலிருந்து வரும் புடவைகளுக்கு முந்தானையில் குஞ்சம் கட்டிக் கொடுப்பாள். விரல்கள் பறக்கும், வாய்தான் வராது. நாலு பேர் முன்னால் நிறுத்தினால் பேச்சு தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். மாமா லாரி ஓட்டப் போனால் திரும்பப் பத்து நாளாகும். அதனால் வீட்டில் பெரும்பாலும் அத்தையும் அவள் மாமியாரும் மட்டும்தான்.

கல்யாணமாகி ஆறு வருடமாகியும் குழந்தை இல்லை. இரண்டு முறை உண்டாகி, மாமியார் சந்தோஷத்தில் தெரு முழுக்கச் சொல்லி, பிறகு கலைந்துபோனதற்கும் அதே தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் மூன்றாவது முறை அத்தை அவரிடம் மூச்சே விடவில்லை. அதுவும் போயிற்று. எங்கள் வீட்டில் மூன்று நாள் படுத்திருந்து, அம்மாவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, ஒருவழியாகப் பிழைத்து எழுந்தாள். விஷயம் அம்மாவுக்கும் மாமாவுக்கும் மட்டுமே தெரியும். மாமியார் உட்பட மற்ற எல்லோருக்கும் அது வயிற்று வலி. எனக்கும் வயிற்று வலிதான். அது வேறு என்று எனக்குத் தெரிய இன்னும் எட்டு வருடம் ஆனது.

பிழைத்து எழுந்தால் சபையில் நின்று சாட்சி சொல்கிறேன் என்று படுக்கையிலேயே அத்தை பொருத்தனை செய்திருந்தாள். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம் வரும். யாராவது எழுந்து தனக்கு நடந்த ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து கர்த்தர் எப்படித் தூக்கிவிட்டார் என்று முடிப்பார்கள். தன் கதையைத் தானே சொல்வது என்றால் என்னவென்று நான் தெரிந்துகொண்டது அங்கேதான். யார் எங்கே ஆரம்பிக்கிறார்கள், எங்கே அழுகிறார்கள், எதைச் சொல்லாமல் தாண்டுகிறார்கள் என்று பாயில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டே இருப்பேன். குடியை விட்ட அண்ணன் ஒருவர் குடித்த காலத்தை அரை மணி நேரம் ரசித்துச் சொல்லிவிட்டு, விட்ட கதையை ஒரே வரியில் முடிப்பார்.

அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. பார்க்காமல் பேசவும் பயம். நானோ கட்டுரைப் போட்டியில் டிபன் பாக்ஸ் வாங்கியவள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னை நோட்டோடு உட்கார வைத்தாள்.

"நான் சொல்லிக்கினே வரேன், அப்பிடியே எழுதிக்க. எனக்கு வயித்து வலி வந்துது. மூணு நாளு படுத்துக்கினு இருந்தேன். கர்த்தர் எழுப்பி உட்டாரு. ஸ்தோத்திரம். அவ்ளோதான்."

"இவ்ளோதானா அத்தே? நாலு வரிகூட வரல."

"போதும்மா. டக்குனு சொல்லிட்டு குந்திக்கணும்."

இரண்டு முறை படித்துக் காட்டினேன். அத்தைக்குத் திருப்தி. எனக்குத்தான் இல்லை. சனிக்கிழமை நல்ல தாளில் பிரதி எடுக்க உட்கார்ந்தபோது கை சும்மா இருக்கவில்லை. இன்றும் பிரதி எடுக்கும்போதுதான் எனக்கு இந்தச் சேட்டை வரும்.

அத்தை படுத்திருந்த இரண்டாம் நாள், பென்சில் எடுக்க நான் அறைக் கதவைத் திறந்திருந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, கம்பளி நூலில் பின்னிய ஒரு குல்லாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சாத்துக்குடிக்குப் போட்டால் சரியாக இருக்கும், அவ்வளவு சிறியது. அத்தை பாப்பாவாக இருந்தபோது போட்ட குல்லா என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது வெள்ளைக் குல்லா. கட்டுரைக்கு வெள்ளை எடுப்பாக இருக்காது என்று பட்டது. 'வேதனை தாங்காமல் ஒரு சின்ன மஞ்சள் குல்லாவை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தேன்' என்று வயிற்று வலிக்கும் ஸ்தோத்திரத்துக்கும் நடுவில் சேர்த்தேன். படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. மடித்து அத்தையின் பைபிளுக்குள் வைத்துவிட்டேன். சேர்த்ததை அவளிடம் சொல்லவில்லை. படித்ததும் அசந்துபோவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் சாட்சி நேரத்தில் பாஸ்டரம்மா அத்தையைக் கூப்பிட்டார். மாமியார் முன்வரிசையில் இருந்தார். அம்மாவும் நானும் நடுவில். அத்தை எழுந்து, விரலை எழுத்துக்கு அடியில் வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தாள். "வேதனை தாங்காமல் ஒரு சின்ன" என்பதுவரை வந்து நின்றுவிட்டாள். விரல் நகரவில்லை.

என் கையெழுத்துதான் புரியவில்லை போலிருக்கிறது என்று எனக்கு அவமானமாகிவிட்டது.

"மஞ்சள் குல்லா, அத்தே!" என்று எடுத்துக்கொடுத்தேன். சத்தமாகவே.

அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் வலித்தது. பெண்கள் பக்கம் விசிறிக்கொண்டிருந்த அட்டைகள் எல்லாம் நின்றுவிட்டன. மாமியார் மெதுவாகத் திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"மஞ்சா இல்லம்மா" என்றாள். "வெள்ள."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. உட்கார்ந்துவிட்டாள். விட்டுப்போன ஸ்தோத்திரத்தை பாஸ்டரம்மாதான் சொன்னார்.

சபை முடிந்து வெளியே வந்ததும் மாமியார் அத்தையின் கையிலிருந்த பைபிள் பையை வாங்கிக்கொண்டார். மருமகளிடம் பையைக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தே பழக்கப்பட்டவர் அவர். அன்று கூடவே நடந்தார். நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். தெருமுனை வந்ததும் மாமியார் அத்தை பக்கம் திரும்பினார்.

"நீயே பின்னுனியா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எப்போ?"

"மத்தியானத்துல. நீங்க தூங்கும்போது."

மாமியார் பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்படி முடிந்ததால் நான் செய்தது சரியாகிவிடாது. சொல்வதா வேண்டாமா என்பது அத்தையின் கையில் இருந்தது, நான் பிடுங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. இன்னொன்றும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. "சின்னப் பொண்ணு, எதையோ கற்பனை பண்ணி எழுதிட்டுது" என்று அத்தை சிரித்திருந்தால் போதும், சபையும் சிரித்திருக்கும். தப்பிக்க ஒரு வழியை நானே மஞ்சள் நிறத்தில் போட்டுக் கொடுத்திருந்தேன். அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. குல்லாவை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்க அவளால் முடிந்தது; அதற்கு வேறு நிறம் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு எனக்கு இருந்த கவலையெல்லாம், நான் நிறம் மாற்றியது சபை முன்னால் பிடிபட்டதுதான். அத்தை வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, மஞ்சளை அடித்துவிட்டு, மேலே வெள்ளை என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். தப்பு சரியாகிவிட்டது என்று நினைத்து, நிம்மதியாக உட்கார்ந்து கறிக்குழம்பு சாப்பிட்டேன்.