பாலைவனத்துக்கு வைச்ச கறுத்தப் பொட்டு

பிளேன் ஏறி வெறும் மண்ணைப் பாக்க மனுசர் போவினமோ? போகினம். நானும் போய்ப் பாத்திட்டு வந்தனான். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. போனுக்குச் சொல்லுறன், அது எழுதுது. பிழை இருந்தால் போனோட சண்டை பிடியுங்கோ.

எல்லாத்துக்கும் காரணம் என்ரை மகள். பார்மசியில நிண்டு நிண்டு கால் நரம்பு தடிச்சவள். பிள்ளையள் ரெண்டும் யூனிவேர்சிட்டிக்குப் போனாப்பிறகு, வீடு வெறிச்சோடிக் கிடக்குதெண்டு சனிக்கிழமையில படம் கீறப் பழகினாள். ஐம்பது வயசில. லண்டனில, குட்மேய்ஸில எங்கட தெருப் பொம்பிளையள் அந்த நேரம் கோயிலுக்குப் போவினம். இவள் பெயிண்ட் விரலோட சோறு பிசைவாள்.

கீறி முடிச்ச உடன என்னட்டைத்தான் கொண்டு வருவாள், எப்பிடி இருக்கெண்டு கேக்க. நான் ஒருநாளும் நல்லா இருக்கெண்டு சொன்னதில்லை. மாடு சப்பித் துப்பின வைக்கோல் எண்டு ஒருக்காச் சொன்னன். வாந்தி எண்டு ஒருக்கா. அது வாந்திதான், அதில பொய்யில்லை. ஆனால் நல்லா வந்ததுக்கும் அப்பிடித்தான் சொல்லுவன். பெத்தவள் வாயால புகழ்ந்தால் நாவூறு பட்டுப்போகும். தாயின்ரை கண்ணை விடப் பொல்லாத கண் இல்லை. இவளைப் பெத்த நேரமும் கறுத்தக் குரங்கு ஒண்டு பிறந்திருக்கு எண்டுதான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான். நல்ல வடிவான பிள்ளை. இவள் பத்து வயசில இஞ்ச வந்து வளந்தவள், உதுகள் விளங்காது. விளங்கப்படுத்தவும் ஏலாது. விளங்கப்படுத்தினால் அதுவும் புகழ்ந்ததாப் போயிடுமெல்லோ.

இந்த வருசம் இல்ஃபோர்டில ஒரு ஹோலில படங்கள் வைக்கப்போகினம் எண்டு வந்தது. ஒராள் ஒரு படம்தான் குடுக்கலாம். அவை தெரிஞ்செடுத்தால்தான் சுவரில கொழுவுவினம். மகள் பாத்திரம் கழுவிக்கொண்டு, திரும்பிப் பாக்காமலே சொன்னாள்:

"இந்தமுறையும் எடுக்காட்டி, பிரஷ் எல்லாத்தையும் குப்பை பின்னில போட்டிடுவன் அம்மா."

அவள் சொன்னால் செய்வாள். புருசனையும் இப்பிடித்தான், பாத்திரம் கழுவேக்க சொல்லிப்போட்டு விட்டவள்.

பிறகுதான் அமெரிக்காப் பயணம். செத்துப்போன வெள்ளைக்காரி ஒருத்தி, பெரிய கெட்டிக்காரியாம். பேர் என்ரை வாய்க்குள்ள நுழையாது. அவள் இருந்து கீறின பாலைவனத்தைப் பாத்தால் தனக்கும் கை வருமெண்டு மகள் நினைச்சாள். என்னைத் தனிய விட ஏலாது, அதால நானும் போனன். எனக்கு நல்ல சந்தோசம். பிளேனில தாற குட்டிப் பாணும் குட்டிப் பட்டரும் எனக்கு உயிர். பக்கத்துச் சீற்றுக்காரன் சாப்பிடாமல் வைச்சதையும் கேட்டு வாங்கினனான்.

பாலைவனமாம். சிவப்பு மண், மஞ்சள் மண், அதுக்கங்கால பிறகும் மண். ஒரு மரம் நிண்டுது, அதுவும் பட்டது. அதைக் கண்டிட்டு பஸ்ஸில இருந்த அவ்வளவு பேரும் வாயைப் பிளந்தினம். எங்கட றோட்டிலயும் கவுன்சில் வெட்டாமல் விட்ட பட்ட மரம் ஒண்டு நிக்குது, நாய்தான் அதுக்குக் கிட்டப் போறது. ஒரு மனுசி வெளிச்சத்தைப் பாத்து அழுதாள். செத்த வீட்டில அழுகிறதைக் கண்டிருக்கிறன், கலியாண வீட்டிலயும் கண்டிருக்கிறன், வெயிலுக்கு அழுததை அண்டைக்குத்தான் கண்டனான்.

வீடோ, மண் வீடு. உலகத்துக்கே தெரிஞ்ச மனுசிக்கு ஒரு கல்வீடு கட்ட வழியில்லை. நான் வாசலில பழக்கத்தில செருப்பைக் கழட்டிப்போட்டு எட்டிப் பாத்தன். சாயக்கூடிய கதிரை ஒண்டில்லை, சாமிப் படம் ஒண்டில்லை. சுவரில மாட்டு மண்டையோடு. யன்னல் கட்டில எலும்புகள் வரிசையா, நாங்கள் குசினியில போத்தல் அடுக்கிற மாதிரி. செத்த வீட்டுக்குப் போனாலே தலைமுழுகாமல் வீட்டுக்குள்ள வரமாட்டம், இவள் செத்ததுகளைக் கூட்டிவந்து குடிவைச்சிருக்கிறாள். நான் உள்ள போகமாட்டன் எண்டிட்டன். வீடு காட்டுற பெட்டை கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டாள். உள்ளயும் போகாமல் செருப்பும் போடாமல் சுடுமண்ணில கால் மாத்தி மாத்தி நிக்கிற என்னைப் பாத்து மகள் வெக்கத்தில செத்தாள்.

அந்த மனுசி ஒரே மலையைத் திருப்பித் திருப்பிக் கீறினவளாம். பெட்டை அதைப் பெருமையாச் சொன்னாள். முதல் தரமே சரியா வந்திருந்தால் ஏன் திருப்பிக் கீறுவாள்?

அடுத்த நாள் மகளும் அதே மலைக்கு முன்னால போய்க் குந்தினாள். ரெண்டு மணித்தியாலம் நான் குடை பிடிச்சன். அவள் முடிக்க, எட்டிப் பாத்தன். எனக்கு முன்னால நிண்டது வெறும் மண் குவியல். அவளின்ரை கடதாசியில அது மாடு படுத்த மாதிரி, மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. ஐயோ, என்ரை கண் பட்டுப்போகுமெண்டு பயந்து, "கறள் பிடிச்ச தகரம் மாதிரிக் கிடக்கு" எண்டன்.

அவள் பெயிண்ட் பெட்டியை மூடினாள். லண்டன் வரும் வரைக்கும் அதைத் திறக்கேல்லை.

வீட்டை வந்தும் வேற படம் கீறேல்லை. குடுக்கிற கடைசி நாள் சனிக்கிழமை. வேற ஒண்டும் இல்லை, உதைத்தான் குடுக்க வேணும், எடுக்கமாட்டினம், அதோட முடிஞ்சுது எண்டு சொல்லி, வெள்ளிக்கிழமை படத்தைச் சாப்பாட்டு மேசையில வைச்சிட்டு ஷிப்டுக்குப் போனாள்.

நானும் படமும் தனிய இருந்தம். பாக்கப் பாக்க எனக்குப் பயம் கூடிச்சுது. கண்ட கண்ட சனமெல்லாம் இதைப் பாக்கப்போகுது. இல்ஃபோர்ட் சனத்தின்ரை கண்ணை எனக்குத் தெரியும், நான் ஒரு நல்ல சீலை கட்டிக்கொண்டு போனாலே அடுத்த நாள் காய்ச்சல் வரும். மகளின்ரை மேக்கப் பைக்குள்ள கண் மைப் பென்சில் கிடந்தது. அதை எடுத்து மலையின்ரை கன்னத்தில ஒரு பொட்டு வைச்சன். கொஞ்சம் பெரிசாப் போச்சு.

விடியத்தான் அவள் கண்டவள். ஒரு கையில படம், மற்றக் கையில பஞ்சு, என்ரை அறை வாசலில வந்து நிண்டாள். என்ன இது எண்டு கேட்டாள். கண் படாமல் இருக்கப் பொட்டு எண்டன். கத்தப் போறாள் எண்டு நினைச்சன். கத்தேல்லை.

"தகரத்துக்கு என்னத்துக்கு அம்மா பொட்டு?"

"வடிவில்லாத பிள்ளைக்கு ஆரடி பொட்டு வைக்கிறது?"

வாயால வந்திட்டுது. உடன நான், தகரம் தகரம்தான், நேரம் போகுது கொண்டு ஓடு எண்டு துரத்தினன். அவள் பஞ்சை என்ரை கட்டிலில போட்டிட்டுப் போனாள். பொட்டை அழிக்கேல்லை.

படத்தை எடுத்திட்டினம். கொழுவின அண்டைக்கு நானும் போனன். சால்வை சுத்தின ஒரு மனுசன் அதுக்கு முன்னால நிண்டு கன நேரம் கதைச்சான். அந்தக் கறுத்தப் புள்ளியிலதான் பாலைவனத்தின்ரை தனிமை முழுக்க இருக்காம், மகள் எனக்குக் காதுக்குள்ள சொன்னாள். நான் சிரிச்ச சிரிப்பில பல் செற் கழண்டுபோச்சு. இவைக்கு எலும்பு அடுக்கின வீடுதான் சரி. சட்டனில இருந்து வந்த என்ரை சிநேகிதி மட்டும், வந்த உடன, ஆர் பொட்டு வைச்சதெண்டு கேட்டாள்.

இப்ப மகள் என்னட்டை எப்பிடி இருக்கெண்டு கேக்கிறேல்லை. கீறி முடிச்சால் என்ரை அறை வாசலில சாத்திவைச்சு, மைப் பென்சிலையும் பக்கத்தில வைச்சிட்டுப் போயிடுவாள். போன கிழமை ஒரு பூச்சாடி வந்தது. நான் ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் பாத்தன். பென்சிலைத் தொடேல்லை. அவள் வந்து நாலு மூலையும் பொட்டைத் தேடிப் பாத்திட்டு, படத்தைத் தூக்கிக்கொண்டு மேல போனாள்.

இப்ப மேல பெயிண்ட் மணக்குது. திருப்பிக் கீறுறாள். கீறட்டும்.