ஏரியல் கம்பியில் யூனிபார்ம்

மொட்டைமாடியில் என் ரேடியோவின் ஏரியல் கம்பியில் மகளின் யூனிபார்ம் தொங்கியது. உருவியதும் சாரல்கால ஈரவாடை முகத்தில் அடித்தது.

குற்றாலத்து வீட்டில் அப்பா உதிரிபாகங்கள் அடங்கிய ஒரு கிட் வாங்கி, சோப்புப்பெட்டி அளவில் தானே செய்தி அனுப்பவும் கேட்கவும் ஒரு ஹாம் ரேடியோ செய்திருந்தார். டார்ச் பல்பு எரியும் கரண்டில் இலங்கை வரை மோர்ஸ் தந்திக் குறிகளைத் தட்டியே பேசுவார். கம்பியில் ஈரத்துணி கிடந்தால் சிக்னல் போகாதென்று அம்மாவின் சேலைகளை உருவி நாற்காலியில் குவிப்பார்.

"நாளைக்கு ஆபீசுக்கு எதைக் கட்டிட்டுப் போக?" என்பாள் அம்மா.

"செத்த நேரம் பொறு" என்பார்.

காலையில் ஈரச்சேலையோடு அவள் தென்காசி பஸ் ஏறுவாள். அப்பா முந்தின நாள் ரேடியோவில் கிடைத்த ஆளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

இவ்வளவும் நினைவிருந்தும், யூனிபார்மை நாற்காலியில் போட்டுவிட்டு ரேடியோ முன் உட்கார்ந்தேன். கொழும்பிலிருந்து ஒருவர் பதில் தட்டிக்கொண்டிருந்தபோது மகள் படியேறி வந்தாள்.

"அப்பா, யூனிபார்ம் காஞ்சிட்டா?"