அருவிக்குள் பேசியது

தொடையில் உள்ளங்கை படும் ஓசை பெரிய ஓசை ஒன்றும் அல்ல. வேட்டிக்கு மேல் தட்டினால் பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும்தான் கேட்கும். ஆனால் இந்த வயதிலும், கடைத்தெருவில் யாராவது கொசுவை அடிக்கத் தொடையில் தட்டினால் நான் நின்று திரும்பிப் பார்த்துவிடுகிறேன். எனக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். சொல் தொண்டைவரை வந்து நின்றுகொள்ளும். வலக்கையால் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினால் சில சமயம் வெளியே வரும், சில சமயம் வராது. யாரும் சொல்லித்தராமல் நானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. அதைத் தென்காசிக் கடைத்தெரு முழுவதும் பிரபலப்படுத்தியவன் என் சிநேகிதன்.

மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவன் வீடு. இருவரும் ஒரே வகுப்பு. உள்ளதைச் சொல்வதானால், எனக்கு நாக்காக இருந்தவன் அவன்தான். கடையில் நான் வாயைத் திறக்குமுன், "இவனுக்கு அரைப்படி நல்லெண்ணெய் வேணுமாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிடுவான். வாத்தியார் கேள்வி கேட்டால், எனக்குப் பதில் தெரியும் என்று எழுந்து சாட்சி சொல்வான். அதற்கெல்லாம் கூலியாகத்தானோ என்னவோ, நாலு பேர் கூடிய இடத்தில் என்னைப்போலப் பேசிக்காட்டுவான். கண்ணை இறுக மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, தொடையில் இரண்டு தட்டு. அச்சு அசலாக இருக்கும். கூட்டம் சிரிக்கும். எல்லோருக்கும் முந்திச் சிரிப்பவன் நான். முதலில் நாமே சிரித்துவிட்டால் மற்றவர்கள் சிரிப்பது அவ்வளவாக உறைக்காது. உதடு விரியும், கண் விரியாது. அப்படி ஒரு சிரிப்பு எனக்குப் பழகிப்போயிருந்தது.

ஒரே ஒருமுறை, இனி அப்படிச் செய்யாதே என்று அவனிடம் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. அவன் பொறுமையாகக் கடைசிவரை கேட்டான். பிறகு, "ஏலே, இதைச் சொல்லுததுக்கா இம்புட்டு நேரம்?" என்றான். அன்று சாயங்காலமே நான் கெஞ்சிய விதத்தையும் சேர்த்துப் பேசிக்காட்டினான். என் அம்மாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "உன்னை வச்சுத்தான் அவன் சிரிப்புக் காட்டுதான். அவன்கூட ஏம்லே சுத்துதே?" என்பாள். ஆனாலும் சுற்றினேன். தனியாக இருக்கும்போது நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தவன் அந்த ஊரில் அவன் ஒருவன்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்து வேலையில்லாமல் இருந்த ஆனி மாதத்தில் அது நடந்தது. விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்து, பேரருவியில் நின்றேன். சீசன் கூட்டம். பக்கத்தில் நின்றவர் முழங்கையால் இடித்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி" என்றேன். தண்ணீர் இரைச்சலில் அவருக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. ஆனால் காது கேளாததை வாய் அறியும். முழு வாக்கியமும் ஓரிடத்திலும் நிற்காமல் வந்திருந்தது. மறுபடி சொல்லிப் பார்த்தேன். பிறகு என் பெயரைச் சொன்னேன். பிறந்ததிலிருந்து எனக்குப் பிடிகொடுக்காத சொல் அதுதான். அதுவும் வந்தது. தண்ணீருக்குள் நின்று அழுதேன். அங்கே அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது?

என் குரல் என் காதில் விழாதபோது எனக்கு ஏன் திக்கவில்லை என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டேன். தினமும் அருவிக்குள் பேசுவேன். பேச்சை நிறுத்தாமலே மெல்ல வெளியே வருவேன். முதலில் பாறைவரை, பிறகு பாலம்வரை, மாதக் கடைசியில் அந்த இரைச்சலைக் காதில் வைத்துக்கொண்டே வீடுவரை பேச முடிந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவனிடமும்தான்.

ஆடியில், ஐந்தருவி போகும் வழியில் பங்களா எடுத்துத் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூட நிர்வாகி, வாத்தியார் வேலைக்கு ஆள் பார்ப்பதாகத் தகவல் வந்தது. திக்குவாயன் வாத்தியாராவதா என்று எண்ணி, நான் போவேன் என வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் போனேன். கூப்பிடாமலே சிநேகிதனும் துணைக்கு வந்தான். காலையில் உடம்பு விறைக்கும்வரை அருவியில் நின்றுவிட்டு, ஈரத்தலையோடு அவர்முன் உட்கார்ந்தேன். வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டேன். பெயர் கேட்டார், சொன்னேன். சிற்றாற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பாய் என்று கேட்டார். அருவியில் தொடங்கி ஆறு வயலுக்குள் போவதுவரை சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "திங்கக்கிழமை வந்து..." என்று ஆரம்பித்தார்.

அப்போது என் சிநேகிதன், சந்தோஷம் தாங்காமல் என்றுதான் சொல்லவேண்டும், குறுக்கே பேசினான். "ஐயா, இவன் பேசுததை நீங்க இன்னைக்குத்தான் கேக்கிய. மத்த நாள்ல எப்படிப் பேசுவான்னு காட்டட்டுமா?" காட்டினான். கண், தலை, தொடையில் இரண்டு தட்டு. நிர்வாகிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. "நெசமாவா தம்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "இ... இ..." என்று நின்றது. பிடியிலிருந்து நழுவிய வலக்கை தானாகத் தொடையில் இரண்டு முறை தட்டியது. நானும் விளையாட்டுக்குச் செய்வதாக எண்ணி அவர் இன்னும் சிரித்தார். பிறகு புரிந்துகொண்டு நிறுத்தினார். அவன் பக்கம் திரும்பி, "நீ என்ன படிச்சிருக்கே?" என்றார்.

வேலை அவனுக்கு ஆயிற்று. திரும்பி வரும் வழியில், "நான் என்னலே செய்யட்டும்? கேட்டாரு, சொன்னேன்" என்றான். அவன் திட்டம் போட்டுச் செய்யவில்லை. செய்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவனுக்கு அந்த நேரத்தில் ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது; அதற்கு என் பிழைப்புப் போயிற்று. பாலத்தருகே எதிர்ப்பட்டவர்களிடம் பங்களாவில் நடந்ததை அவன் சொன்னபோது, அன்றைக்கும் நான்தான் முதலில் சிரித்தேன். மறுநாளிலிருந்து அவன் வந்தால் புறவாசல் வழியாக வெளியே போய்விடுவேன். அருவிக்குப் போவதையும் விட்டுவிட்டேன். யாருக்காகப் பேச?

எனக்குத் தபாலாபீசில் முத்திரை குத்தும் வேலை கிடைத்தது. பிறகு ஜன்னலில் உட்கார்ந்து கார்டும் கவரும் கொடுக்கும் வேலை. கேட்பவர்கள் கேட்பார்கள், எடுத்துக் கொடுத்தால் போதும். என்னை ஊமை என்று நினைத்தவர்கள்கூட உண்டு. பன்னிரண்டு வருஷம் கழித்து ஒருநாள் அந்த ஜன்னலில் அவன் வந்து நின்றான். முடி கொட்டியிருந்தது. "எம் மவளுக்கும் வாய் நிக்குதுலே" என்றான். "நான் வாத்தியாரா இருக்க பள்ளிக்கூடத்துலயே பிள்ளைய எல்லாம் அவளை மாதிரிப் பேசிக் காட்டுதுவ. சோறு திங்காம அழுவுதா. அன்னைக்குப் பங்களாவுல நீ தங்குதடை இல்லாமப் பேசினியே, அது எப்படிலே?" நான் வாயெடுக்கும்வரை, சிரிக்காமல், கண்ணெடுக்காமல் காத்திருந்தான்.

வாசல் வேப்பமரத்தடியில் ஒன்பது வயதுப் பெண் நின்றாள். மாங்காய் விற்கிறவளிடம் ஏதோ கேட்கப் போனாள். வரவில்லை. தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவளுக்கும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். நான் சொல்லவேண்டியது, அருவிக்குள் நின்று பேசச் சொல் என்பது மட்டும்தான். "தா... தானாச் சரியாயிரும்" என்று சொல்லி முத்திரையை எடுத்துக்கொண்டேன். அவன் போனான். பொய் சொல்வானேன், அன்றைக்குச் சோறு எனக்கு ருசியாகத்தான் இருந்தது.

அவள் மறுபடி என்முன் வந்தபோது தாவணி போடும் வயது. அவன் முகம் அப்படியே. தொடையில் இரண்டு தட்டுக் கேட்டது. பிறகு முயற்சியை விட்டுவிட்டு, ஜன்னல் வழியே ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். 'கார்டு நாலு, கவர் இரண்டு' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. வரிசையில் வேறு யாரும் இல்லை. ஒரு குழந்தையின் வாயை இத்தனை வருஷம் நான் மூடி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அ... அ..." என்று நின்றது. கண் தானாக இறுகியது, தலை சாய்ந்தது, என் கை என் தொடையில் இரண்டு முறை தட்டியது.

கண்ணைத் திறந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப்போலப் பேசிக்காட்டுவதாக நினைத்துவிட்டாள். பிறகு சிரித்தாள். உதடு விரிந்தது, கண் விரியவில்லை. எனக்கு முந்திச் சிரித்துவிட்டு, கார்டுகளை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். 'அருவி' என்ற சொல் என் வாயிலிருந்து வெளியே வந்தபோது ஜன்னலுக்கு அப்பால் யாரும் இல்லை. அதன்பின் அவள் அந்த ஜன்னலுக்கு வரவேயில்லை. கடைத்தெருவில் தொடையில் தட்டும் ஓசை கேட்டால், அவள்தானோ என்று இன்றும் திரும்பிப் பார்க்கிறேன்.