மாலை போட்ட படம்

வேப்பம்பட்டில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது சுவரில் ஒரு ஓவியத்தைப் பார்த்தேன். எரியும் மலைக்கு முன்னால், கையில் நீண்ட ஈட்டியோடு, நமக்கு முதுகைக் காட்டி ஒருவன் நிற்கிறான்.

என் சிறு வயதில் இதே போன்ற அட்டைப் படம் ஒன்றைக் கும்மிடிப்பூண்டி வீட்டுக்கு அப்பா வாங்கி வந்தார். அவருக்கு இரும்பு ஆலையில், உலைக்கு முன்னால் வேலை. ஏதோ சாமி என்று நினைத்த அம்மா, முகம் தெரியாததால் பின்னந்தலையில் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டாள். வீடெல்லாம் சாமந்தி வாடை.

பக்கத்து வீட்டு எஸ்தர் ஆன்ட்டி வந்து சிரித்தார். "இன்னாக்கா, இது சாமியா? மனுஷன்கா! உன் ஊட்டுக்காரரு கம்பியோட உலையாண்ட நிக்கிற மாதிரியே கீது."

அம்மா சிரிக்கவில்லை. மனிதர் படத்துக்கு எப்போது மாலை போடுவார்கள் என்று எனக்கும் தெரியும். அப்பா அப்போது ஷிப்டில் இருந்தார்.

மாலையைக் கழற்றி, ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்தாள். அது முதுகு முழுக்கச் சிவப்பாக இறங்கியது.

சாயங்காலம் அப்பா வந்தார். "இன்னாடி, பேயப் பாத்த மாதிரி பாத்துக்கினு கீற?"

அம்மா அவர் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

அவர் அந்த வேலையை விடும்வரை எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குக்கூடப் பூ வைக்கவில்லை.