ஞானத்தாய் யேரா சொன்ன மந்திரம்

ஜெர்மன் ஆட்சியில் இருந்த அந்த ஸ்லோவேனிய ஊரில், பாதிப் பிள்ளைகளை ஞானஸ்நானத்துக்கு ஏந்திய ஞானத்தாய் யேராதான். சொந்தப் பிள்ளை கிடையாது. மாதா கோயில் துணிகளைத் துவைத்துப் பிழைப்பவள். ஆனால் 1942 வசந்தத்தில் தங்கை மகள் மிட்சியின் குழந்தையை ஞானஸ்நானத்துக்கு ஏந்தி நின்றபோதுதான் முதல்முறையாகப் பயந்தாள்.

ஈஸ்டர் கழிந்த வாரத்தில்தான் பக்கத்துப் பண்ணைக் குடும்பத்தை ஜெர்மன் போலீஸார் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வீட்டில் தாய்மொழியான ஸ்லோவேனியம் பேசினார்களாம், அதுதான் குற்றம். பழைய சாமியாரையும் விரட்டியாயிற்று. புதிதாக வந்த ஜெர்மன் சாமியார், ஜெபமும் பதிவேடும் இனி ஜெர்மனில் மட்டும் என்று கதவில் ஒட்டிவிட்டார்.

பிள்ளைக்காகச் சொல்லும் விசுவாச மந்திரத்தில் ஞானத்தாய் ஒரு சொல் தடுக்கினாலும், தூக்கத்தில் நெஞ்சில் ஏறும் அமுக்குப் பேய் பிள்ளையைப் பிடிக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யேரா ஜெர்மனில் உருப்போட்டுப் பார்த்தாள். மண்டையில் ஏறவில்லை.

"தடுக்காம சொல்லிடு பெரியம்மா," என்று மிட்சி காலையில் பிள்ளை பெற்ற படுக்கையிலிருந்து கெஞ்சியிருந்தாள்.

கோயிலின் பின்வரிசையில், கையில் ஆளும் கட்சிப் பட்டையோடு ஃபோல்டேய். அவனுக்கும் இவள்தான் ஞானத்தாய். இப்போது ஜெர்மன் மாதிரி வாலன்டின் என்று கூப்பிடாவிட்டால் முறைப்பான், பெரிய மனிதன்.

சாமியார் தலையசைத்தார். யேரா வாய் திறந்தாள், வந்தது ஸ்லோவேனியம். நிறுத்தினால் பிள்ளைக்கு ஆபத்து, நிறுத்தாவிட்டால் வீட்டுக்கே ஆபத்து. கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசிவரை சொல்லி முடித்தாள். ஒரு சொல் தடுக்கவில்லை.

ஃபோல்டேய் எழுந்து வந்தான். சாமியாரின் பேனா பதிவேட்டின் மேல் அப்படியே நின்றது.

"ஜெர்மன்ல சொன்னாங்கன்னு எழுதுங்க சாமி," என்றான். சாமியார் அவன் கைப்பட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதினார். பிறகு ஃபோல்டேய் அவள் காதோரம், பழைய ஸ்லோவேனியத்திலேயே: "வெளிய தெரிஞ்சா உன்னோட சேத்து என்னையும் லாரியில ஏத்திடுவாங்க ஞானம்மா. மிட்சி கேட்டாலும் ஜெர்மன்னுதான் சொல்லணும்."

வீட்டுக்குள் நுழைந்ததுமே மிட்சி கேட்டாள்.

"சரியா சொன்னியா பெரியம்மா?"

"சொன்னேன்டி. ஒரு சொல்லு தடுக்கல."

"எதுல சொன்னே?"

யேரா குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். "ஜெர்மன்ல. சாமியார் எழுதியே வச்சிருக்காரு."

மிட்சி வெறித்துப் பார்த்தாள். "அது உன் வாயிலயே நுழையாதே." குழந்தையைப் பிடுங்கி மார்போடு இறுக்கிக்கொண்டாள். "தடுக்கியிருக்கே. தடுக்கிட்டு எங்கிட்ட மறைக்கிறே."

உண்மையைச் சொல்ல யேரா வாயெடுத்தாள். ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் யாரோ போனார்கள்.

"ஆமாடி," என்றாள். "தடுக்கிட்டேன்."